முதல் கிளிக்கின்போது கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?

மவுஸுக்கு டபுள் கிளிக் என்றால் என்னவென்றே தெரியாது. மேசையில் இருக்கும் சாதாரண மவுஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் தகவல், அதன் அடிப்படை வடிவத்தில், மூன்றே பைட்டுகள். முதல் பைட்டில் எந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்ற விவரம். அடுத்த இரண்டில், கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு, மேலும் கீழும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற கணக்கு. ‘இது சிங்கிள்’, ‘இது டபுள்’ என்று சொல்ல அங்கே இடமே கிடையாது.

பிறகு யார்தான் சொல்கிறார்கள்? ஃபோல்டரை இரண்டு முறை சட்டென்று அழுத்தினால் திறக்கிறது. அதே இரண்டு அழுத்தலைக் கொஞ்சம் நிதானமாகச் செய்தால் திறக்காமல், பெயர் நீல நிறமாகி ‘புதுப் பெயர் கொடு’ என்று நிற்கிறது. விரல் அதே விரல், இடம் அதே இடம். நடுவில் யாரோ கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரிகிறது. அந்தக் கடிகாரம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கிறது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

விரலிலிருந்தே தொடங்குவோம். மவுஸ் பட்டனுக்கு அடியில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. நீங்கள் அழுத்தியதும் தகடு வளைந்து இன்னோர் உலோக முனையில் போய் முட்டுகிறது. உலோகம் உலோகத்தில் முட்டினால் துள்ளும். தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, சில மில்லி வினாடிகள் துடித்த பிறகே நிலைக்கு வரும். ஒரு மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இந்தத் துடிப்பு மின்சுற்றுக்கு அப்படியே தெரியும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரே அழுத்தல் நான்கைந்து கிளிக்குகளாகப் போய்ச் சேரும். அதனால் மவுஸுக்குள் இருக்கும் சிப், தகடு முதலில் தொட்டதும் ‘அமுங்கியது’ என்று குறித்துக்கொண்டு, அடுத்த சில மில்லி வினாடிகள் வரும் துடிப்பை எல்லாம் தள்ளிவிடுகிறது.

பழைய மவுஸ்களில் ஒரு நோய் வரும், பார்த்திருப்பீர்கள். ஒரு முறைதான் அழுத்துகிறோம், ஃபோல்டர் திறந்துகொள்கிறது. ஃபைலை இழுத்துக்கொண்டே போகும்போது பாதி வழியில் கை நழுவியதுபோல விழுந்துவிடுகிறது. தகடு தளர்ந்தோ முனையில் அழுக்குப் படிந்தோ போனால் துடிப்பு நீளும், நடுவில் தொடர்பும் அறுபடும். சிப் பொறுத்துக்கொள்ளும் எல்லையை அது தாண்டும்போது ஒரு அழுத்தல் நிஜமாகவே இரண்டாகிவிடுகிறது. அங்கே சாஃப்ட்வேரைக் குறை சொல்லிப் பயனில்லை, சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, நல்ல மவுஸ் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு டபுள் கிளிக்கை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எண்கள் ஒரு உதாரணத்துக்கு. 0-வது மில்லி வினாடியில் பட்டன் அமுங்கியது. 90-இல் விடுபட்டது. 180-இல் மறுபடி அமுங்கியது. 260-இல் மறுபடி விடுபட்டது. நமக்கு ஒரே செயலாகத் தெரிந்த டபுள் கிளிக், கம்ப்யூட்டருக்கு நான்கு தனித்தனி நிகழ்வுகள். விண்டோஸ் மூன்றாவது நிகழ்வில், அதாவது இரண்டாம் முறை அமுங்கும் அந்தக் கணத்தில், திரும்பிப் பார்க்கிறது. முதல் அமுக்கத்துக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு? 180 மில்லி வினாடி. அனுமதித்த எல்லை எவ்வளவு? யாரும் மாற்றி வைக்காவிட்டால் 500, அதாவது அரை வினாடி. எல்லைக்குள் இருப்பதால், அந்த மூன்றாவது நிகழ்வின் பெயரை மட்டும் ‘டபுள் கிளிக்’ என்று மாற்றி புரோகிராமுக்கு அனுப்பிவைக்கிறது. மற்ற மூன்றும் அப்படியே போகின்றன. அதுவும், ‘டபுள் கிளிக் வந்தால் எனக்குச் சொல்’ என்று முன்கூட்டியே பதிந்துவைத்த விண்டோவுக்குத்தான் இந்தப் பெயர் மாற்றம். பதியாத விண்டோவுக்கு அமுங்கியது, விடுபட்டது, அமுங்கியது, விடுபட்டது என்ற நான்கு சாதாரணச் செய்திகளே கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விண்டோஸ் அளப்பது அமுக்கத்திலிருந்து அமுக்கம் வரை. மேக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் ஆப்பிள் தன் புரோகிராமர்களுக்குச் சொன்ன கணக்கு வேறு: முதல் முறை விரலை எடுத்த கணத்திலிருந்து இரண்டாம் முறை அமுக்கும் வரை. கேட்க அற்ப வித்தியாசம்போல இருக்கும். ஆனால் அழுத்தமாகவும் நீளமாகவும் பட்டனைப் பிடிக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஒருவர் முதல் அழுத்தலிலேயே 300 மில்லி வினாடி பிடித்துக்கொண்டிருந்தால், விண்டோஸ் கணக்கில் அவருடைய நேரத்தில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிட்டது. மேக்கின் பழைய கணக்கில் அவருக்கு இன்னும் கடிகாரமே ஓடத் தொடங்கவில்லை.

இன்னொன்று, நேரத்தைக் குறிப்பது எப்போது என்பது. கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இரண்டு முறை அழுத்தினால், அந்தச் செய்திகள் வரிசையில் காத்துக்கிடக்கும். புரோகிராம் அவற்றை எடுத்துப் படிக்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு நிகழ்வின்மேலும் அது நடந்த நேரம் முத்திரைபோலக் குத்தப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த முத்திரைகளைத்தான்.

நேரம் மட்டும் போதாது, இடமும் பொருந்த வேண்டும். ஒரு ஃபைலை ஒரு முறையும் பக்கத்து ஃபைலை ஒரு முறையும் சட்டென்று அழுத்தினால் அது டபுள் கிளிக் ஆகக் கூடாது அல்லவா? அதற்காக விண்டோஸ் முதல் கிளிக் விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி போடுகிறது. வழக்கமாக அதன் அகலம் 4 பிக்சல், உயரம் 4 பிக்சல். இரண்டாவது கிளிக் அதற்குள் விழுந்தால்தான் செல்லும். ஓய்வு பெற்ற சர்வேயரான என் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “அது எத்தனை மில்லிமீட்டர்ப்பா?” என்றுதான் முதலில் கேட்டார். அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள திரையில் 4 பிக்சல் என்பது சுமார் 1 மில்லிமீட்டர். அந்த 1 மில்லிமீட்டர் பெட்டியின் நடுவில் முதல் கிளிக் இருக்கிறது என்றால், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அரை மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். “நிலம் அளக்கிறப்பகூட இவ்வளவு கறார் கிடையாதே” என்றார். அவர் கையில் லேசான நடுக்கம் உண்டு. அவருக்கு டபுள் கிளிக் ஏன் பாதி நேரம் விழுவதில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர் வேகத்தில் குறையில்லை. இரண்டு அழுத்தலுக்கு நடுவே கர்சர் துளி நகர்ந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது கணக்கு. இனி வருவதுதான் விஷயத்தின் உயிர்நாடி.

முதல் கிளிக் வந்து விழுந்துவிட்டது. அந்தக் கணத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ஒன்று வந்தது என்று தெரியும். இரண்டாவது வருமா வராதா என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அதன் முன் இருப்பவை இரண்டே வழிகள். அரை வினாடி சும்மா இருந்து, இரண்டாவது வரவில்லை என்று உறுதியான பிறகு சிங்கிள் கிளிக்குக்கு உரிய வேலையைச் செய்யலாம். அல்லது இரண்டாவது வருகிறதோ இல்லையோ, முதல் கிளிக்குக்கு உரிய வேலையை அப்போதே செய்துவிடலாம்.

விண்டோஸும் மேக்கும் பிரவுசர்களும் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. டபுள் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் புரோகிராம் முதலில் ஒரு சிங்கிள் கிளிக்கைப் பார்த்துவிட்டுத்தான் டபுளைப் பார்க்கிறது. பிரவுசரில் இது இன்னும் வெளிப்படை. ஒரு கிளிக், இன்னொரு கிளிக், அதன்பின் டபுள் கிளிக் என்று மூன்று செய்திகள் வந்து சேரும்.

அப்படியானால் முதல் கிளிக் செய்யும் வேலை, பின்னால் டபுள் வந்தாலும் கெட்டுப்போகாத வேலையாக இருக்க வேண்டும். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் விசிலை நினைத்துப் பாருங்கள். ஒரு விசில் அடித்தால் ‘நில்’, இரண்டு அடித்தால் ‘போகலாம்’. ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸில் இரண்டு விசிலில் முதலாவது காதில் விழும்போது டிரைவர் குழம்ப வேண்டியதில்லை. ‘நில்’ என்றால் நின்றுகொண்டுதான் இருக்கிறார். இரண்டாவதும் வந்தால் வண்டியை எடுப்பார். முதல் விசிலின் பொருள் இரண்டாவதோடு மோதவே இல்லை.

ஃபைல்களின் விஷயத்திலும் இதே ஏற்பாடுதான். ஒரு கிளிக் ஃபைலைத் தேர்ந்தெடுக்கிறது, இரண்டாவது அதைத் திறக்கிறது. திறக்கப்போகிற ஃபைலை முதலில் தேர்ந்தெடுத்ததால் ஒரு நஷ்டமும் இல்லை. எழுத்துகளில் இது இன்னும் அழகாக அமைந்திருக்கிறது. ஒரு கிளிக்கில் கர்சர் சொல்லுக்குள் போய் நிற்கிறது, இரண்டாவதில் அந்தச் சொல் முழுவதும் தேர்வாகிறது, மூன்றாவதில் பல புரோகிராம்களில் பத்தி முழுவதும். ஒவ்வொரு கிளிக்கும் முந்தையதை விரிக்கிறதே தவிர அழிப்பதில்லை. இதனால் யாரும் எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது கிளிக் என்று தனியாக ஒரு செய்தியை விண்டோஸ் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டபுள் முடிந்ததும் அதன் எண்ணிக்கை பழையபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மூன்றை எண்ண வேண்டிய புரோகிராம், நேரத்தையும் இடத்தையும் தானே சரிபார்த்து எண்ணிக்கொள்கிறது.

இந்தப் பழக்கம் வந்த இடத்தையும் சொல்ல வேண்டும். டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மவுஸை ஊரறியக் காட்டியபோது அதில் மூன்று பட்டன்கள் இருந்தன. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973-இல் உருவான ஆல்டோ கம்ப்யூட்டரின் மவுஸுக்கும் மூன்று பட்டன்கள்தான். அந்த ஆல்டோவில்தான் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1970களின் நடுவில், ஒரு பாடநூல் பதிப்பகத்தின் எடிட்டர்களுக்காக ‘ஜிப்ஸி’ என்ற எழுத்துத் திருத்தும் சாஃப்ட்வேரைச் செய்தார்கள். கட், காப்பி, பேஸ்ட் பழக்கத்துக்காக இன்று நாம் நினைவில் வைத்திருக்கும் அதே டெஸ்லர்தான். கம்ப்யூட்டர் பழக்கமில்லாத எடிட்டர்களின் கைக்கு வரும்படி எதையும் அமைக்க வேண்டும் என்பதில் இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். ஒரு சொல்லை டபுள் கிளிக் செய்து தேர்ந்தெடுக்கும் வழி அந்த ஜிப்ஸியில் இருந்தது.

பிறகு ஆப்பிள் 1983-இல் லிசா கம்ப்யூட்டரையும் 1984-இல் மெக்கின்டாஷையும் வெளியிட்டபோது மவுஸில் ஒரே பட்டன் வைத்தது. எதை அழுத்துவது என்ற குழப்பம் யாருக்கும் வரக் கூடாது என்பது நோக்கம். பட்டன் ஒன்றாகக் குறைந்தாலும் செய்ய வேண்டிய வேலை குறையவில்லை. தேர்ந்தெடுக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். பட்டன்களில் பிரித்து வைத்திருந்ததை இப்போது நேரத்தில் பிரித்து வைத்தார்கள். டபுள் கிளிக் உலகம் முழுக்கப் பரவியது அப்படித்தான். என் கணிப்பில் அது பாதி நல்ல பேரம். எந்தப் பட்டன் என்ற குழப்பம் ஒழிந்தது, எவ்வளவு வேகம் என்ற குழப்பம் வந்தது.

சிங்கிளும் டபுளும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத வேலைகளைச் செய்தால் என்ன ஆகும்? காத்திருந்தே தீர வேண்டும், வேறு வழியே கிடையாது. தொடக்கத்தில் சொன்ன பெயர் மாற்றும் விஷயம் இதற்கு நல்ல சாட்சி. ஏற்கெனவே தேர்வாகியிருக்கும் ஃபைலின் பெயர்மேல் ஒரு கிளிக் செய்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். உடனே எதுவும் நடக்காது. அரை வினாடி போல ஒரு அமைதி. அதற்குப் பிறகுதான் பெயர் திருத்தும் கட்டம் வரும். அந்த அமைதியில் விண்டோஸ், ‘இன்னொரு கிளிக் வருமோ, திறக்கச் சொல்வார்களோ’ என்று காத்திருக்கிறது. பெயர் மாற்றுவதும் திறப்பதும் ஒன்றாக ஒட்டாத வேலைகள். ஒன்றைத் தொடங்கிவிட்டு மற்றதற்கு மாற முடியாது.

ஒரே பட்டன் உள்ள இயர்போனிலும் இதே சிக்கல்தான். ஒரு முறை அழுத்தினால் பாட்டு நிற்க வேண்டும், இரண்டு முறை அழுத்தினால் அடுத்த பாட்டு. அங்கேயும் காத்திருந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புக்குப் பெரிய விலை கொடுத்தது செல்போன் உலகம். 2007-இல் ஐபோன் வந்தபோது இணையதளங்கள் எல்லாம் அகலமான கம்ப்யூட்டர் திரைக்காகச் செய்யப்பட்டவை. சின்னத் திரையில் எழுத்து எறும்புபோலத் தெரியும். அதனால் இரண்டு முறை தட்டினால் அந்தப் பகுதி பெரிதாகும் என்று வைத்தார்கள். படிக்க மிக வசதியான ஏற்பாடு. ஆனால் ஒரு லிங்கை ஒரு முறை தட்டினால்? இன்னொரு தட்டு வந்தால் பெரிதாக்க வேண்டும், வராவிட்டால் லிங்கைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒட்டாத வேலைகள். ஆகவே பிரவுசர் ஒவ்வொரு தட்டுக்கும் சுமார் 300 மில்லி வினாடி காத்திருந்தது. ஆண்ட்ராய்டு போன்களின் பிரவுசர்களும் இதையே பின்பற்றின.

300 மில்லி வினாடி என்ன பெரிய நேரம் என்று தோன்றலாம். தொட்டதும் நடந்தது என்று மனிதனுக்குத் தோன்ற வேண்டுமானால் 100 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாக இருக்கும் அளவுகோல். அதைப்போல மூன்று மடங்கு தாமதம். ‘இந்த வெப்சைட் மந்தமா இருக்கு’ என்று நாம் அந்தக் காலத்தில் அலுத்துக்கொண்டதில் ஒரு பங்கு நெட்வொர்க்கின் குற்றமே அல்ல, பிரவுசரின் இந்தக் காத்திருப்பு. செல்போன் திரைக்கு ஏற்ற அகலத்தில் பக்கத்தைச் செய்துவிட்டால் பெரிதாக்கும் தேவையே குறைந்துவிடும் அல்லவா? அப்படி அறிவித்துக்கொண்ட பக்கங்களில் இனிக் காத்திருக்க வேண்டாம் என்று ஆண்ட்ராய்டில் குரோம் 2014-இல் முடிவெடுத்தது. ஐபோனின் சஃபாரி 2016-இல் அதே வழிக்கு வந்தது. நல்ல முடிவு. கடிகாரத்தைத் துரிதப்படுத்தியதால் தீர்ந்த பிரச்சினை அல்ல இது. இரண்டாவது தட்டின் தேவையையே எடுத்துவிட்டதால் தீர்ந்தது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சிங்கிளையும் டபுளையும் பிரிக்க நீங்களே ஒரு டைமர் வைத்து, 250 என்றோ 300 என்றோ கையால் எண் எழுதிவிடாதீர்கள். உங்கள் விரல் வேகத்தில் எழுதிய எண் அது. பயன்படுத்துகிறவர் தன் கைக்கு ஏற்ப சிஸ்டத்தில் 800 என்று வைத்திருக்கலாம். அவர் வைத்ததை உங்கள் புரோகிராம் மிதித்துவிட்டுப் போகும். விண்டோஸில் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. பிரவுசரில் எண்ணை நேராக வாங்க முடியாது என்றாலும், பிரவுசரே தரும் டபுள் கிளிக் செய்தியை நம்பினால் போதும். அதைவிட முக்கியம், சிங்கிளுக்கு ஒரு வேலையும் டபுளுக்கு அதற்குச் சம்பந்தமில்லாத வேலையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். டைமர் தேவைப்படுகிறது என்றாலே வடிவமைப்பில் எங்கோ கோணல் இருக்கிறது என்று பொருள்.

இதன் மறுபக்கமும் உண்டு. டபுள் கிளிக்கிலேயே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட பலர் எல்லாவற்றையும் டபுள் கிளிக் செய்கிறார்கள். லிங்க், மெனு, ‘பணம் செலுத்து’ பட்டன் என்று ஒன்றையும் விடுவதில்லை. அது அவர்கள் பிழை அல்ல. எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்பதற்கு நாம் அவர்களிடம் ஒரு விதியும் சொல்லவில்லை. பிரவுசரோ முதல் கிளிக்கையும் அனுப்பும், இரண்டாவதையும் அனுப்பும். எழுதியவர் கவனமாக இல்லாவிட்டால் ஒரே விண்ணப்பம் இரண்டு முறை போகும், ஒரே தொகை இரண்டு முறை கழியும். முதல் கிளிக் விழுந்ததும் பட்டனைப் பூட்டிவிட வேண்டும். சர்வர் பக்கத்திலும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் முதல் பதிலையே திருப்பித் தர வேண்டும். ‘தயவுசெய்து இரண்டு முறை அழுத்தாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதிவைப்பது அந்த வேலையைப் பயனாளியின் தலையில் கட்டுவது.

பெரியப்பாவின் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்ற பகுதிக்குப் போனால், பட்டன்ஸ் என்ற பக்கத்தில் டபுள் கிளிக் ஸ்பீடு என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஒரு கோடியில் 200 மில்லி வினாடி, மறு கோடியில் 900. பக்கத்தில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் படம். டபுள் கிளிக் விழுந்தால் அது திறக்கும், மறுபடி விழுந்தால் மூடும். குமிழை ‘ஸ்லோ’ பக்கம் நகர்த்திவிட்டு அவரிடமே மவுஸைக் கொடுத்தேன். முன்னைவிடத் தேறியது, ஆனால் முழுதும் சரியாகவில்லை. நேரத்தைத் தளர்த்தலாம், அந்த 4 பிக்சல் பெட்டியைத் தளர்த்த அங்கே ஸ்லைடர் கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் எண்ணை மாற்றினால்தான் உண்டு. நடுங்கும் கைக்கு நேரத்தைவிட இடம்தான் முதலில் இடறுகிறது. அந்த வசதியை வெளியே தெரியும்படி வைக்காதது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது மிக எளிய வழி. ஒரே ஒரு முறை கிளிக் செய்து ஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கீபோர்டில் என்டர் தட்டுவது. முதல் கிளிக் தேர்ந்தெடுக்கும் வேலையை உடனே முடித்துவிடுவதால்தான் இது சாத்தியமாகிறது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா” என்றார். கர்சர் எவ்வளவு ஆடினாலும் கவலையில்லை, அரை வினாடிக் கடிகாரமும் இல்லை.

டபுள் கிளிக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. விண்டோஸின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில், ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். அப்போது கர்சரை ஃபைல்மேல் வைத்தாலே தேர்வாகிவிடும். லினக்ஸில் புழங்கும் கேடிஇ டெஸ்க்டாப் பல ஆண்டுகள் ஒரே கிளிக்கில் திறப்பதையே வழக்கமாக வைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் வந்த அதன் பிளாஸ்மா 6 பதிப்பு டபுள் கிளிக்குக்கு மாறியது. வேறு சிஸ்டங்களிலிருந்து வருகிறவர்களின் பழக்கம் வென்றுவிட்டது. வேண்டுபவர்கள் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில்கூடப் பக்கவாட்டு பட்டனை எவ்வளவு நிதானமாக இரண்டு முறை அழுத்தலாம் என்பதை ஆக்ஸஸிபிலிட்டி பகுதியில் மாற்ற முடியும்.

அரை வினாடி என்பது யாரோ ஒருவர் பொதுவாக வைத்த எண், உங்கள் வீட்டுப் பெரியவரின் கையைப் பார்த்து வைத்ததல்ல. அடுத்த முறை அவர் ஒரு ஃபோல்டரைத் திறக்கத் திணறுவதைப் பார்த்தால், “வேகமா அழுத்துங்க” என்று சொல்லாதீர்கள். கண்ட்ரோல் பேனலைத் திறந்து அந்தக் குமிழை இடது கோடிக்கு நகர்த்திக் கொடுங்கள், என்டர் வழியையும் சொல்லிக் கொடுங்கள்.